வீட்டுப் பூனை வெளியேறிவிட்டால்: தேட வேண்டியது தூரத்திலன்று, அயலிலே

நமது ஊர்களிலே பூனையைத் தேடிப் புறப்பட்டவர் அரிது. காலையில் அடுப்படியிற் பாலைக் குடித்துவிட்டு வேலிப் பொட்டுக்குள்ளால் வெளியேறும் பூனை, அயல்வீட்டு ஓட்டின்மேற் படுத்துறங்கி, மீன் வெட்டும் ஓசை கேட்டதும் எங்கிருந்தோ வந்து சேரும். அதற்குக் கதவும் இல்லை, காவலும் இல்லை. புகலிட நாடுகளில் நிலைமை வேறு. தொடர்மாடிக் குடியிருப்பின் ஏழாம் மாடியிலோ பத்தாம் மாடியிலோ, மண்ணை ஒருநாளேனும் மிதியாத பூனைகள் எம்மவர் இல்லங்களில் வளர்கின்றன. பெரும்பாலும் பிள்ளைகளின் ஆசைக்காகவே அவை வந்து சேர்கின்றன. பின்னர் வீட்டில் ஒருவராகிவிடுகின்றன.

அத்தகைய பூனையொன்று ஒருநாள் கதவிடுக்காலோ யன்னலாலோ வெளியேறிவிட்டால் பெற்றோர் இருவகையாக நடந்துகொள்வதைக் காண்கின்றோம். ஒரு சாரார், "பசித்தால் தானாக வரும்" என்று கூறி வாளாவிருப்பர். மறு சாரார் பதற்றத்தோடு தெருத் தெருவாக ஓடி, பூனையின் பெயரை உரத்துக் கூவுவர். இரண்டும் ஊர்ப் பூனையை மனத்திற் கொண்டு செய்யப்படுபவை. வீட்டினுள்ளேயே வளர்ந்த பூனைக்கு இரண்டும் பொருந்தா. அப்பூனை எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதை அறிந்து தேடினால் அதனை மீட்கும் வாய்ப்பு மிகுதி. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அஞ்சிய பூனை குரல் கொடாது

வீட்டுப் பூனைக்கு அந்த நான்கு சுவர்களே உலகம். கதவைக் கடந்ததும் அது காணும் வெளிச்சம், கேட்கும் ஓசை, நுகரும் மணம் யாவும் அந்நியமானவை. அந்நிலையில் அது ஊர் சுற்றப் புறப்படுவதில்லை. கண்ணிற்பட்ட முதல் மறைவிடத்தினுள் நுழைந்து அசைவற்றுப் படுத்துவிடுகின்றது. படிக்கட்டின் அடிப்பகுதி, மரத்தாலான மேடையின் கீழ், அடர்ந்த பற்றை, வாகனத் தரிப்பிடத்தின் மூலை, அயலவரின் நிலக்கீழ் அறை என்பனவே அதன் புகலிடங்கள்.

இங்கே பலரும் அறியாத ஒன்றுண்டு. நாளும் சோறூட்டியவரின் குரல் பத்தடி தூரத்தில் ஒலித்தாலும் அஞ்சிய பூனை மறுகுரல் கொடுப்பதில்லை. இது நன்றிகெட்ட தன்மையன்று. தன்னிலும் பெரிய விலங்குகளுக்கு இரையாகக்கூடிய சிறு பிராணி, ஆபத்துவேளையில் ஓசை எழுப்பினால் தன் இருப்பிடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆதலால் மௌனமே அதன் காப்பு. கலிபோர்னியாவிற் பொலிஸ் சேவையில் மோப்ப நாய்களைக் கையாண்டவரும், பின்னர் காணாமற்போன வளர்ப்புப் பிராணிகளைத் தேடும் முறைகளை வகுத்தவருமான கற் அல்பிரெக்ற் என்னும் பெண்மணி இந்த மௌனத்தை மிகவும் வலியுறுத்தியுள்ளார். அழைத்தோம், வரவில்லை, எனவே இங்கு இல்லை என்று முடிவுகட்டுவதே தேடுவோர் செய்யும் பெருந்தவறு.

அவுஸ்திரேலியாவின் குயீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழக ஆய்வாளர் உள்ளிட்டோர் 2018ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்று இதற்கு வலுச்சேர்க்கின்றது. காணாமற்போன 1,210 பூனைகளைப் பற்றிய விபரங்கள் அதில் திரட்டப்பட்டன. ஓராண்டுக்குள் 61 சதவீதமானவை கண்டுபிடிக்கப்பட்டன. ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு முதல் 7 நாட்களுள் உயிருடன் மீட்கப்பட்டது. கண்டுபிடிக்கப்பட்டவற்றுள் 75 சதவீதமானவை வெளியேறிய இடத்திலிருந்து 500 மீற்றருக்குள்ளேயே இருந்தன. வெளியே சென்று பழகாத பூனைகள் இன்னும் அண்மையிலேயே அகப்பட்டன. வெளியேறிய இடத்துக்கு அருகேயுள்ள திறந்தவெளிக்கு அடுத்தபடியாக, பிறர் வீட்டினுள்ளேயே பல பூனைகள் காணப்பட்டன. 90 நாட்களுக்குப் பின்னர் உயிருடன் மீட்கப்பட்டவை மிகச் சிலவே. எனவே முதல் வாரமே பெறுமதி மிக்கது. முதல் நாளோ அதனினும் பெறுமதி மிக்கது.

முதலில் வீட்டினுள்ளே தேடுக

பூனை வெளியேறியது என்பதை நேரிற் கண்டவர் இல்லையாயின், முதலில் வீட்டையே முழுமையாகத் தேட வேண்டும். உடுப்புத் தோய்க்கும் இயந்திரத்தினுள், கட்டிலின் அடிப்பெட்டியினுள், சோபாவின் கிழிந்த அடித்துணிக்குள், அலுமாரியின் மேற்றட்டில், பயணப் பெட்டிக்குள், அரிசி மூடைகளின் பின்புறம் எனப் பூனை நுழையாத இடமில்லை. குளிர்சாதனப் பெட்டிக்கும் சுவருக்கும் இடையிலுள்ள வெதுவெதுப்பான சந்து அதற்கு மிகவும் விருப்பமானது.

அடுத்தபடியாகக் கட்டடத்தைத் தேட வேண்டும். ஒவ்வொரு மாடியின் நடைபாதை, அவசரப் படிக்கட்டு, பொதுச் சலவை அறை, குப்பை அறை, துவிச்சக்கர வண்டிகளை நிறுத்தும் அறை, நிலக்கீழ் வாகனத் தரிப்பிடம் ஆகியவற்றை ஒன்றுவிடாமற் பார்க்க வேண்டும். பல கட்டடங்களில் இவ்வறைகள் பூட்டப்பட்டிருக்கும். காலையில் யாரோ திறந்தபோது உள்ளே நுழைந்த பூனை, பூட்டியபின் வெளியேற வழியின்றி அகப்பட்டிருக்கலாம். கட்டடக் காவலரிடம் திறப்பைப் பெற்று உள்ளே சென்று பார்ப்பதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. வாசலில் நின்று எட்டிப் பார்ப்பது தேடலாகாது. குனிந்து, தரையோடு தரையாக வெளிச்சம் பாய்ச்சிப் பார்க்க வேண்டும்.

பல்கனியிலிருந்தோ யன்னலிலிருந்தோ பூனை விழுந்திருக்கக்கூடும் எனில், விழுந்த இடத்துக்கு நேர் கீழேயுள்ள பற்றைகளிலும் முதல் மாடிப் பல்கனிகளிலும் உடனே தேட வேண்டும். உயரத்திலிருந்து விழுந்தது இறந்திருக்கும் என்று கைவிடுதல் கூடாது. நியூயோர்க்கிலுள்ள விலங்கு மருத்துவமனையொன்றுக்கு 1984இல் ஐந்து மாத காலத்துள் கொண்டுவரப்பட்ட, மாடிகளிலிருந்து விழுந்த 132 பூனைகள் பற்றிய ஆய்வு 1987இல் வெளியானது. அவை சராசரியாக ஐந்தரை மாடி உயரத்திலிருந்து விழுந்திருந்தன. 90 சதவீதமானவை பிழைத்தன. மருத்துவரிடம் கொண்டுசெல்லப்பட்டவையே அக்கணக்கில் அடங்கும் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. விழுந்த பூனை நடந்து சென்று ஒளிந்தாலும் நெஞ்சிலும் தாடையிலும் உட்காயம் இருக்கக்கூடும். ஆகவே கண்டெடுத்தவுடன் மருத்துவரிடம் காட்டுதல் இன்றியமையாதது.

கதவைத் தட்டும் தயக்கம்

எம்மவருக்குப் பெருந்தடையாக இருப்பது தேடலன்று, கேட்டலே ஆகும். பத்தாண்டு ஒரே கட்டடத்தில் வாழ்ந்தும் எதிர்வீட்டாரோடு தலையசைப்பைத் தவிர வேறு பேச்சில்லாத குடும்பங்கள் பல. மொழி தடுமாறும் என்ற கூச்சமும், இதற்காகவா வந்தாய் என்று எண்ணுவார்களோ என்ற தயக்கமும் காலைப் பின்னிழுக்கின்றன. ஆயினும் பூனை ஒளிந்திருப்பது அநேகமாக அந்த எதிர்வீட்டாரின் நிலக்கீழ் அறையிலோ தோட்டக் கொட்டகையிலோதான். உரியவர் கதவைத் திறவாதவரை அது அங்கேயே அடைபட்டிருக்கும்.

"எங்கள் பூனையைக் கண்டீர்களா?" என்று கேட்டால் "இல்லை" என்ற மறுமொழியே கிடைக்கும். அவர்கள் கண்டிருக்கமாட்டார்கள். அது கண்ணிற்படாமல் ஒளிந்திருக்கின்றது. கேட்க வேண்டியது, "உங்கள் நிலவறையில் நாங்கள் வந்து பார்க்கலாமா?" என்பதே. ஜேர்மன் மொழி வழங்கும் இடங்களில், "உன்ஸெர காட்ஸெ இஸ்ற் வெக். டியூர்பன் வீர் இம் கெல்லர் நாக்ஸேயன்?" என்றும், பிரான்சில், "நோத்ர் ஷா ஆ டிஸ்பாரியு. ஓன் பெ ரகார்தே தான் வோத்ர் காவ்?" என்றும் கேட்டால் போதுமானது. உச்சரிப்புப் பிசகினாலும் கையிற் பூனையின் படமிருந்தால் விளங்கிக்கொள்வர். பூனைக்கு எல்லா நாட்டவரிடத்தும் அன்பர்கள் உண்டு. இதுவரை முகம்பாராத அயலவர் தாமே ரோச் விளக்கோடு இறங்கி வருவதும் உண்டு.

இன்னுமோர் அச்சமும் உண்டு. குடியிருப்பு ஒப்பந்தத்திற் பிராணி வளர்க்கக் கூடாது என்று எழுதியிருக்க, வெளியிற் சொன்னால் வீட்டை விட்டு எழுப்பிவிடுவார்களோ என்பதே அது. இவ்விடயத்தில் நாட்டுக்கு நாடு சட்டம் வேறுபடும். பிரான்சில் 1970ஆம் ஆண்டு யூலை 9ஆம் திகதிச் சட்டத்தின்படி, வசிப்பதற்கான வாடகை ஒப்பந்தத்தில் வளர்ப்புப் பிராணியைத் தடைசெய்யும் வாசகம் செல்லுபடியாகாது. ஆபத்தான நாய்வகைகளுக்கு மட்டும் விலக்குண்டு. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலும் 2006ஆம் ஆண்டின் வாடகைக் குடியிருப்புச் சட்டத்தின்படி அத்தகைய வாசகம் செல்லாது. ஜேர்மனியின் சமஷ்டி உயர் நீதிமன்றம், நாயையும் பூனையையும் முற்றாகத் தடைசெய்யும் அச்சிட்ட ஒப்பந்த வாசகங்கள் செல்லா என 2013ஆம் ஆண்டு மார்ச் மாதத்திற் தீர்ப்பளித்தது. எனினும் அங்கே ஒவ்வொரு வழக்கும் இருதரப்பு நலனையும் எடைபோட்டே முடிவாகும். புகலிடம் கோருவோர் தங்கவைக்கப்படும் விடுதிகளின் ஒழுங்குவிதிகள் இவற்றில் அடங்கா. தத்தம் நிலையைத் தெரிந்துகொண்டு நடப்பது நன்று. அச்சம் காரணமாக வாய்மூடியிருந்து முதல் வாரத்தை இழப்பது நன்றன்று.

இரவுத் தேடல்

பகலின் ஆரவாரத்தில் அசையாதிருக்கும் பூனை, ஊர் உறங்கியபின் மெல்ல வெளிப்படும். நள்ளிரவு கடந்த வேளையே தேடுவதற்கு உகந்தது. பூனையின் கண்ணின் பின்புறத்தில் ஒளியைத் திருப்பியனுப்பும் படலமொன்று உண்டு. ரோச் விளக்கை நமது கண்மட்டத்திற் பிடித்துக்கொண்டு, பற்றைகளின் அடியிலும் நிறுத்திய வாகனங்களின் கீழும் மெதுவாகப் பாய்ச்சினால், அக்கண்கள் இரு பொட்டுகளாக மின்னும். உரத்துக் கூவ வேண்டியதில்லை. வீட்டிற் பேசும் தாழ்ந்த குரலிற் பேசிக்கொண்டு நடந்தாற் போதும். சற்று நடந்து, நின்று, காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

இங்கே எம்மவர் மனங்கொள்ள வேண்டிய முன்னெச்சரிக்கை ஒன்றுண்டு. நள்ளிரவில் ரோச் விளக்கோடு பிறர் வீட்டு ஓரங்களில் நடமாடும் வேற்று நிறத்தவரைக் கண்டால் எவரேனும் பொலிசாரை அழைத்துவிடக் கூடும். ஆகவே பகலிலேயே அயலவர்க்கு அறிவித்துவிட வேண்டும். இருவராகச் செல்ல வேண்டும். வதிவிட அனுமதிப் பத்திரத்தையும் பூனையின் படத்தையும் கையில் வைத்திருக்க வேண்டும். அனுமதியின்றிப் பிறர் வளவினுள் காலடி வைக்கலாகாது. பிள்ளைகளை இரவிற் தனியே அனுப்புதல் அறவே கூடாது.

உணவும் கூண்டும்

வெளியேறிய வாசலையோ யன்னலையோ, பாதுகாப்பு இடங்கொடுப்பின், இரவிற் சற்றே திறந்துவைத்து அருகிற் காத்திருத்தல் பயன்தரும். மணம் மிகுந்த உணவு, சான்றாக ரின் மீன், காற்றுவாக்கில் வைக்கத்தக்கது. பூனை படுத்துப் பழகிய துணியையும் அருகில் வைக்கலாம். மலங்கழிக்கும் மணற்பெட்டியை வெளியே கொட்டினால் பூனை மோப்பம் பிடித்து வந்துவிடும் எனப் பலர் கூறுவர். இதற்கு நம்பத்தகுந்த சான்றில்லை. மாறாக, அயலிலுள்ள சண்டைக்காரக் கடுவன்களை அது அழைத்துவந்து, ஒளிந்திருக்கும் பூனையை மேலும் தூரத்துக்குத் துரத்திவிடக் கூடும்.

பூனை இருக்குமிடம் தெரிந்தும் கைக்கு அகப்படாவிட்டால் கூண்டுப் பொறியை நாட வேண்டும். உள்ளே வைத்த உணவை உண்ணச் சென்றதும் கதவு விழுந்து மூடிக்கொள்ளும் கம்பிக்கூண்டு இது. விலங்குக் காப்பகங்களும் சில மிருக வைத்தியசாலைகளும் இதனை இரவல் கொடுப்பதுண்டு. வைக்குமுன் காணிக்கு உரியவரிடமோ கட்டட முகாமையாளரிடமோ அனுமதி பெற வேண்டும். கூண்டைத் துணியால் மூடி, மறைவிடத்துக்கு அருகில் வைத்து, அடிக்கடி சென்று பார்க்க வேண்டும். ஐரோப்பாவில் முள்ளெலியும் கனடாவில் ரக்கூனும் அதனுள் அகப்படுவதுண்டு. உறைபனிக் காலத்திற் கூண்டைக் கவனியாது விட்டால் உள்ளே அகப்பட்ட உயிர் விறைத்து இறந்துவிடும். பல பூனைகள் ஒரு வாரமோ பத்து நாட்களோ கழிந்து, பசி அச்சத்தை மீறிய பின்னரே வெளிப்படுகின்றன. ஆகவே நாலைந்து நாட்களிற் சலித்துவிடலாகாது.

அறிவித்தலும் ஏமாற்றுக்காரரும்

அறிவித்தற் தாள் பெரிதாகவும் சுருக்கமாகவும் இருத்தல் வேண்டும். பளிச்சிடும் நிறமுள்ள அட்டை, பெரிய எழுத்தில் "பூனையைக் காணவில்லை" என்னும் பொருள்தரும் அந்நாட்டுச் சொற்கள், தெளிவான படம், தொலைபேசி இலக்கம் ஆகிய நான்கும் போதும். வீட்டிலிருக்கும் பெரியவர்க்கு அந்நாட்டு மொழி தெரியாதெனில், அழைப்புக்கு மறுமொழி கூறவல்ல உறவினரினதோ நண்பரினதோ இலக்கத்தை அவரது சம்மதத்துடன் கொடுக்க வேண்டும். பிள்ளைகளின் இலக்கத்தைப் பொது இடத்தில் ஒட்டுதல் ஆகாது. தபாற்காரர், குப்பை அள்ளுவோர், பத்திரிகை விநியோகிப்போர், அதிகாலை வேலைக்குச் செல்லும் எம்மவர் ஆகியோரின் கண்களே ஊரின் கண்கள். அவர்களிடம் தாளைக் கையிற் கொடுத்தல் நன்று.

பூனையின் அடையாளங்களுள் ஒன்றை, சான்றாக வயிற்றிலுள்ள வெண்புள்ளியை அல்லது வாலின் வளைவை, வெளியிடாது வைத்திருக்க வேண்டும். "உங்கள் பூனை என்னிடம் உள்ளது, முதலிற் பணத்தை அனுப்புங்கள்" என்று அழைக்கும் வஞ்சகர் எங்குமுண்டு. அந்த அடையாளத்தைக் கூறும்படியோ புதிய படம் அனுப்பும்படியோ கேட்டால் உண்மை வெளிப்பட்டுவிடும். பூனையைக் கண்ணாற் காணுமுன் ஒரு சதமேனும் கொடுக்கலாகாது.

காப்பகங்களும் கால எல்லையும்

அயலிற் தேடும் அதேவேளையில் விலங்குக் காப்பகத்துக்கும் அறிவிக்க வேண்டும். சிலர், அலுவலகம் என்றாலே அஞ்சுகின்றனர். விலங்குக் காப்பகம் குடிவரவு அலுவலகமன்று. அங்கே கேட்கப்படுவது பூனை உங்களுடையது என்பதற்கான சான்றே. தடுப்பூசிப் புத்தகமும் பழைய படங்களும் அதற்கு உதவும். தொலைபேசியில் மட்டும் விசாரித்து நில்லாமல் நேரிற் சென்று பார்ப்பது சிறந்தது. சாம்பல் நிறம் என்று நாம் சொல்வதை அவர்கள் வேறு நிறமாக எழுதியிருக்கக் கூடும்.

காலம் தாழ்த்துதல் கூடாமைக்குக் காரணம் உண்டு. பிரான்சில் அலைந்து திரிந்த பிராணிகளைப் பிடித்துவைக்கும் நகரசபைக் காப்பிடம் 8 வேலை நாட்களே உரிமையாளருக்காகக் காத்திருக்கும். அதன்பின் அப்பிராணி கைவிடப்பட்டதாகக் கருதப்படும். சுவிற்சர்லாந்திற் கண்டெடுக்கப்பட்ட வளர்ப்புப் பிராணிக்கு உரிமை கோருவதற்கான காலம் இரண்டு மாதங்கள். ஜேர்மனியிற் கண்டெடுத்தவர் முறைப்படி அறிவித்து ஆறு மாதங்கள் கழிந்தபின்னரே அது அவருக்கு உரியதாகும். கனடாவில் இக்காலம் இடத்துக்கு இடம் வேறுபடும். சில நாட்களாக மட்டும் இருப்பதும் உண்டு.

அரிசி மணியளவு இலக்கம்

பூனையின் தோளின் தோலடியிற் செலுத்தப்படும் நுண்சில்லு ஓர் அரிசி மணியளவே இருக்கும். அதிலிருப்பது 15 இலக்கங்கள் கொண்ட எண் மட்டுமே. பூனை எங்குள்ளது என்பதை அது காட்டித்தராது. காப்பகத்திலோ மருத்துவரிடமோ கருவியால் அந்த எண்ணை வாசித்து, பதிவேட்டிலுள்ள உரிமையாளரை அழைப்பர். பிரான்சில் 2012 சனவரி 1ஆம் திகதிக்குப் பின் பிறந்து ஏழு மாதம் நிறைந்த பூனைகளுக்கு நுண்சில்லோ பச்சைகுத்திய எண்ணோ கட்டாயம். இங்கிலாந்தில் 2024 யூன் 10ஆம் திகதி முதல் 20 வாரத்துக்கு மேற்பட்ட பூனைகளுக்கு நுண்சில்லு கட்டாயமாயிற்று. தவறினால் 500 பவுண் வரை தண்டம் விதிக்கப்படலாம். ஜேர்மனியில் தாசோ, பிண்டபிக்ஸ் என்னும் பதிவேடுகள் கட்டணமின்றிப் பதிந்துகொள்கின்றன.

2009ஆம் ஆண்டில் வெளியான அமெரிக்க ஆய்வொன்றின்படி, காப்பகங்களுக்கு வந்த தெருப் பூனைகளுள் 1.8 சதவீதமானவையே வீடு திரும்பின. நுண்சில்லுள்ள பூனைகளுள் 38.5 சதவீதமானவை திரும்பின. சில்லிருந்தும் உரிமையாளரை அடைய முடியாமற் போனமைக்கு முதன்மையான காரணம் பதிவேட்டிலிருந்த தொலைபேசி இலக்கம் பிழையாகவோ துண்டிக்கப்பட்டோ இருந்தமையே. முகாமிலிருந்து அறைக்கும், அறையிலிருந்து வீட்டுக்கும், நகரிலிருந்து நகருக்கும் இடம்மாறிய எம்மவர் இதனை ஊன்றி நோக்க வேண்டும். வங்கிக்கும் பாடசாலைக்கும் புதிய விலாசம் கொடுக்கும் நாளிற் பூனையின் பதிவேட்டிலும் அதனை மாற்றிவிடுக.

"மனிதரே காணாமற் போயிருக்க..."

"காணவில்லை" என்னும் சொல் எம்மவர் மத்தியில் இலேசான சொல்லன்று. பிள்ளைகளின் படங்களை ஏந்திய தாய்மார் 2017ஆம் ஆண்டிற் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வீதியோரத்தில் அமர்ந்து தொடங்கிய போராட்டத்தை நாம் அறிவோம். அத்தகைய சமூகத்தில், ஒரு பூனைக்காகப் படம் ஒட்டுவதா என்று பெரியவர் சிலர் முகஞ்சுளிப்பது விளங்கிக்கொள்ளக் கூடியதே. ஆயினும் இரண்டையும் ஒரே தராசில் வைக்க யாரும் கேட்கவில்லை. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமத்தை விட்டு வெளியேறியோருள், பட்டியில் நின்ற மாட்டை அவிழ்த்துவிட்டு, படலையிற் படுத்திருந்த நாயைத் திரும்பிப் பாராமல் நடந்தவர் பலர். வாயில்லாச் சீவனைத் தேட முடியாமற் போன துயரை அவர்கள் அறிவர்.

இங்கு பிறந்த பிள்ளைக்குப் பாட்டனும் பாட்டியும் தொலைபேசிக் குரல்களாகவே இருக்கலாம். அதன் மடியிற் படுத்துறங்கிய முதல் உயிர் இப்பூனையாக இருக்கலாம். "வேறொன்று வாங்கித் தருகிறோம்" என்று கூறுவது அதற்கு ஆறுதலாகாது. பெற்றோர் தன்னோடு குனிந்து தேடினார்கள் என்பதைப் பிள்ளை மறவாது. பூனை கிடைத்தாலும் கிடையாவிடினும் அந்நினைவு நிற்கும்.

கண்டபின்

பூனையைக் கண்டதும் பாய்ந்து பிடிக்க முயலலாகாது. துரத்தினால் ஓடும், ஓடினால் மீண்டும் ஒளியும். தரையில் அமர்ந்து, நேராக உற்று நோக்காமல் பக்கவாட்டிற் திரும்பி, மெல்லப் பேசிக்கொண்டு உணவை நீட்ட வேண்டும். பழகிய ஒருவரே அருகிற் செல்லுதல் நன்று. கைக்கு அகப்பட்டதும் தடித்த துவாயினாற் சுற்றிப் பெட்டியினுள் இட்டு மூட வேண்டும். கையில் தூக்கிக்கொண்டு தெருவைக் கடப்பது, கிடைத்ததை மீண்டும் இழக்கும் வழியாகும்.

பல நாள் பட்டினி கிடந்த பூனைக்கு ஒரேவேளையில் வயிறு நிறைய ஊட்டலாகாது. சிறிது சிறிதாகக் கொடுத்து, அன்றே மருத்துவரை நாட வேண்டும். பூனை நாட்கணக்கில் உண்ணாதிருப்பின் ஈரலிற் கொழுப்புப் படியும் நோய் தோன்றுவதுண்டு. அது உயிராபத்தானது. தோற்றத்தில் நலமாயிருப்பதைக் கொண்டு ஏமாறலாகாது.

வருமுன் காப்பதும் நம் கையிலேயே உள்ளது. யன்னலுக்கும் பல்கனிக்கும் வலை கட்டுக. வீடு மாறும் நாளிலும், வாணம் விடும் புதுவருட இரவிலும், சுவிசில் ஓகஸ்ட் முதலாம் திகதியிலும், பிரான்சில் யூலை 14ஆம் திகதியிலும் பூனையை ஓர் அறையில் வைத்துப் பூட்டுக. எம்மவர் இல்லங்களிற் பிறந்தநாளும் பூப்புனித நீராட்டும் நடைபெறும்போது, வாசலில் நாற்பது சோடிச் செருப்புகள் குவிந்து, கதவு மாலைவரை திறந்தே கிடக்கும். வந்தவரை வரவேற்கும் அவசரத்தில், செருப்புகளுக்கிடையால் வெளியே சென்றதை எவரும் கவனிப்பதில்லை.

அவ்வாறு சென்றுவிட்டால் தூரத் தெருக்களில் ஓடித் திரியாதீர்கள். ரோச் விளக்கை எடுங்கள். குனிந்து உங்கள் வாசற்படியின் அடியைப் பாருங்கள். பின்னர் எதிர்வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.